தொல்படை யாருடைய படை?

வீரம் என்றவுடன் வேந்தன் நினைவுக்கு வருகிறான். வேந்தன் என்றவுடன் வெற்றி நினைவுக்கு வருகிறது. வெற்றி என்றவுடன் கொடியும் கோட்டையும், களிறும் குதிரையும், கடல் கடந்த கலங்களும் நம் கண்முன் அணிவகுத்து நிற்கின்றன. மேடைதோறும் பேசுகிறோம்; ஏடுதோறும் எழுதுகிறோம். இமயத்தில் பொறித்த இலச்சினையைப் பாடுகிறோம். ஈழமும் கடாரமும் கொண்ட கதையைக் கூறிக் கூறிக் களிக்கிறோம். களிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் களிப்பினூடே ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. வேந்தன் வென்றான் என்கிறோமே, போரிட்டவன் யார்? அவன் பெயர் என்ன? போர் முடிந்த மறுநாள் அவன் சென்றது எங்கே? பாசறைக்கா? அல்லது மாட்டுக் கொட்டிலுக்கா?

வீண் ஆராய்ச்சி என்று இதனை ஒதுக்கிவிட வேண்டா. ஒரு நாட்டைக் காக்கப் போரையே தொழிலாகக் கொண்ட முழுநேரப் படை வேண்டுமா? உழுதும் நெய்தும் கற்றும் கற்பித்தும் வாழ்ந்து, வேண்டும்போது வேலெடுத்து வருகிற மக்களின் படை வேண்டுமா? இரண்டும் வேண்டுமெனில் எதற்கு எவ்வளவு மதிப்பு? உலக நாடுகள் இன்றும் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. இந்தக் கேள்விக்குத் தமிழ் இலக்கியம் ஒரு விடை தந்திருக்கிறது. அந்த விடையின்மீது உரையாசிரியர் ஒருவர் திரையொன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். அந்தத் திரையை விலக்கிப் பார்ப்பதே நம் நோக்கம். விலக்கிப் பார்க்க நமக்குத் துணை நிற்பவை சவ்வாது மலையின் அடிவாரத்துக் கற்கள்.

சவ்வாது மலையைத் தமிழ் இலக்கியம் படித்தோர் மறத்தலாகாது. அங்கே பிறந்து செங்கத்தின் வழியே ஓடுகிற ஆறுதான், மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் நமக்குக் காட்டிய சேயாறு. பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு, கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது ஒரு செய்தியையும் சொல்கிறது: போகும் பாதையெங்கும் நடுகற்கள் நிற்கும், அவற்றில் வீழ்ந்தவர் பெயர் பொறித்திருக்கும். புலவர் கண்டது வெறுங் கற்பனை அன்று. அதே வட்டாரத்தில், அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட கற்கள், வரிசை வரிசையாக இன்றும் நிற்கின்றன. தமிழக அரசின் தொல்லியல் துறை அவற்றைத் தேடிப் படியெடுத்து, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972ஆம் ஆண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற பெயரில் வெளியிட்டது.

அந்நூலைப் புரட்டிப் பார்ப்போர் முதலில் வியப்படைவர். அடுத்துச் சிந்திக்கத் தொடங்குவர். கற்களில் உள்ளவை காவியங்கள் அல்ல. இரண்டு மூன்று வரிச் செய்திகள். இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊரில், இன்னார் ஆநிரையைக் கவர்ந்தபோது அல்லது கவர்ந்ததை மீட்டபோது, இன்னான் வீழ்ந்தான். இது அவன் கல். அவ்வளவுதான்! ஆநிரைக்கு அந்தக் கற்களின் மொழியில் ‘தொறு’ என்று பெயர். தொறுவுக்காக வீழ்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலே செங்கத்துக் கற்கள்.

அவற்றுள் ஒன்று எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்டது. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் மாண்டான் என்று அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் பொறித்து, நாயின் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மகேந்திரவர்மனின் புகழ் மண்டகப்பட்டுக் குடைவரையில் வடமொழியிலே பொறிக்கப்பட்டது. எருமை காத்தவனின் புகழோ செங்கத்து மண்ணில் தமிழிலே, வட்டெழுத்திலே பொறிக்கப்பட்டது! மன்னனுக்கு ஒரு மொழி. மக்களுக்கு ஒரு மொழி. எந்த மொழியில் நாய்க்கும் நன்றி சொல்ல மனம் வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யார் இந்தக் கருந்தேவக்கத்தி? பொற்றொக்கையார் என்பவரின் இளமகன் என்று கல் கூறுகிறது. அந்தப் பொற்றொக்கையாரோ வாணகோ அரைசரின் மருமகன். எனவே கருந்தேவக்கத்தி ஒரு தலைவனைச் சார்ந்து வாழ்ந்த வீரன். அழைத்தால் படைக்குச் செல்பவன். ஆனால் அவனுக்குச் சொந்தமாக எருமைகளும் இருந்தன. அவற்றை அவனே மேய்த்தான் அல்லது காத்தான். அவன் வீழ்ந்தது தலைவன் ஏவிய போரில் அன்று. தன் எருமைகளின் பொருட்டு நேர்ந்த சண்டையில். இன்றைய வழக்கில் சொல்வதானால், அவன் பகுதிநேரப் போர்வீரன். வாழ்வு ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம் என்று இருந்தவன் அல்லன். வாழ்வைக் காக்கவே வாளெடுத்தவன்.

புறநானூறு காட்டும் வீரனும் இவனே. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அந்தத் தாயை யார் மறப்பார்? தந்தை களத்தில் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான். கணவன் ஆநிரைப் போரில் மாண்டான். மறுநாளும் போர்ப்பறை கேட்டபோது, எஞ்சியிருந்த ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அது பாசறையில் நடந்த நிகழ்ச்சி அன்று. வீட்டு முற்றத்தில் நடந்தது. அந்த வீட்டில் படைவீரன் என்று தனி ஒருவன் இல்லை. பறை ஒலித்தால் வீடே படைவீடு. பொன்முடியார் கடமைகளைப் பங்கிட்டுக் கொடுத்தபோதும் இதே கருத்துத்தான். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, இறுதியாகக் களம் புகும் காளைக்கு ஒன்று. கொல்லன் வேல் வடித்துத் தராவிட்டால் காளையின் வீரம் எங்கே? ஊரே சேர்ந்து உருவாக்குவதுதான் படை என்பது அந்த மூதாட்டியின் முடிவு.

இனித் திரைக்கு வருவோம்.

திருக்குறளின் 77ஆம் அதிகாரம் படைமாட்சி. அதன் இரண்டாம் குறளில், அழிவு நேரும் வேளையிலும் ஊறுக்கு அஞ்சாமல் நிற்கும் உறுதி ‘தொல்படை’க்கே உண்டு என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் இந்த இடத்தில் ஒரு வகுப்பு முறையைக் கொண்டுவந்து நுழைக்கிறார். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படை அறுவகைப்படும். அவற்றுள் தலைசிறந்தது மூலப்படை. வள்ளுவர் தொல்படை என்றது அதனையே என்பது அவர் உரை. மூலப்படையாவது மன்னனின் முன்னோர் காலந்தொட்டு வழிவழியாக அவன் குடிக்குத் தொண்டு செய்து வரும் பரம்பரைப் படை.

இந்த அறுவகை வள்ளுவர் நூலில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை! ஆனால் வேறோரிடத்தில் இருக்கிறது. கௌடலியரின் அர்த்தசாத்திரத்தில், ஒன்பதாம் பகுதியில், மௌலம், பிருதகம், சிரேணி, மித்திரம், அமித்திரம், அடவி என்று அறுவகைப் படை வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறது. முன்னது பின்னதினும் சிறந்தது என்பது அவருடைய தீர்ப்பு. காட்டுவாசிகளின் படை அந்த வரிசையின் கடைசியில். கொள்ளைக்காக வருபவர்கள், கொள்ளை கிடைக்காவிட்டால் பாம்பைப்போல் ஆபத்தானவர்கள் என்பது அவர்களுக்குக் கிடைத்த சான்றிதழ். அத்துடன், அந்தணர் படை, அரசர் படை, வணிகர் படை, வேளாளர் படை என்று நால்வருண வரிசையிலும் படைகளை நிறுத்திப் பார்த்து, முன்னது உயர்ந்தது என்று ஆசிரியர்கள் சொன்ன கருத்தையும் அந்நூல் எடுத்துக் காட்டுகிறது.

கௌடலியருக்கு அநீதி செய்ய நாம் விரும்பவில்லை. அந்த வருண வரிசையை அவர் அப்படியே ஏற்கவில்லை. பகைவன் காலில் விழுந்தால் அந்தணர் படை இளகிவிடும் என்று சொல்லி அதை மறுக்கிறார். போர்ப் பயிற்சி பெற்ற சத்திரியர் படையோ, தொகையால் பெருகிய வணிகர், சூத்திரர் படையோ மேல் என்கிறார். பகுத்தறிவின் கீற்று ஒன்று அங்கே மின்னத்தான் செய்கிறது. ஆயினும் பிறப்பைக் கொண்டு படையை எடைபோடும் தராசை அவர் கீழே வைக்கவில்லை. அந்தத் தராசைத்தான் பரிமேலழகர் வள்ளுவரின் கையில் திணிக்கிறார்.

வள்ளுவர் சொல்வது என்ன? அதே அதிகாரத்தில் படைக்குப் பாதுகாப்பாவன நான்கு என்று எண்ணிக் கூறுகிறார்: மறம், மானம், நல்வழியில் நடத்தல், தலைவனால் தெளியப்படும் நம்பிக்கை. நான்கில் ஒன்றாவது பிறப்பால் வருவதா? ஒன்றாவது கூலியால் வருவதா? படை வெல்ல வேண்டுமானால் அது சிறுத்துத் தேயாதிருக்க வேண்டும், உள்ளத்தில் தீராத வெறுப்பு இல்லாதிருக்க வேண்டும், வறுமை இல்லாதிருக்க வேண்டும் என்கிறார். வீரர் பலர் இருந்தாலும் தலைவர் இல்லையேல் படையே இல்லை என்று அதிகாரத்தை முடிக்கிறார். குலம் எங்கே? வருணம் எங்கே? காட்டான் என்ற இகழ்ச்சி எங்கே? 

‘அதே அதிகாரத்தில் வழிவந்த வன்கண்மை என்று வள்ளுவர் பேசுகிறாரே, அது பரம்பரையைக் குறிக்காதா?’ என்று புலவர் பெருமக்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி, நாம் தட்டிக் கழிக்கப் போவதில்லை. அங்கே வழிவந்தது எது என்று பாருங்கள். வன்கண் வழிவந்தது, குருதி வழிவந்ததாக அவர் சொல்லவில்லை. ஒரு படைப்பிரிவில் முன்பு நின்றவர்கள் அஞ்சாமல் நின்றார்கள். அந்த நினைவு பின்னால் வந்தவர்களையும் அஞ்சாமல் நிற்கச் செய்தது. அவன் இவனுக்குத் தந்தையாக இருக்க வேண்டியதில்லை. தோழனாக இருந்தால் போதும். அடுத்த அதிகாரமாகிய படைச்செருக்கின் முதற்குறளில், என் தலைவன்முன் நின்று கல்லாகிப் போனவர் பலர் என்று ஒரு வீரன் பகைவரை எச்சரிக்கிறான். வள்ளுவரின் கண்முன்னும் நடுகல் நின்றிருக்கிறது என்பதற்கு இது சான்று.

அப்படியானால் தொல்படை என்பதற்குப் பொருள் என்ன? தொன்மை என்பது பிறப்பின் தொன்மையன்று, பழக்கத்தின் தொன்மை. பல நாள் ஒன்றாக நின்று, ஒருவரையொருவர் அறிந்து, ஒருவன் சாய்ந்தால் மற்றவன் தாங்குவான் என்ற தெளிவு பெற்ற படையே தொல்படை. நாம் கொள்ளும் பொருள் இதுவே. இப்பொருளைக் கொண்டால், முழுநேரப் படை உயர்ந்ததா, பகுதிநேரப் படை உயர்ந்ததா என்ற கேள்வியே வேறு வடிவம் பெறுகிறது. எந்தப் படை பழகிய படை? எந்தப் படைக்கு மானமும் தெளிவும் இருக்கின்றன? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நடுகல் வீரனைப் போற்றும் நாம் அவனுடைய குறைகளையும் மறைக்கக் கூடாது. தொறு மீட்டவனுக்குக் கல் நின்றதுபோலவே, தொறு கவர்ந்தபோது மாண்டவனுக்கும் கல் நின்றது. ஒரூராரின் காவலன் மற்றோரூராருக்குக் கள்வன். அந்த வீரம் ஊர் எல்லையோடு நின்றது. நாடு தழுவிய ஒழுங்கு அதற்கு இல்லை. திரண்டு வருகிற பெரும்படையைச் சிதறிக் கிடக்கும் ஊர்வீரம் தடுத்து நிறுத்துவது அரிது. இத்தாலியிலே இதற்கொரு பாடம் உண்டு. கூலிப்படைகளை வெறுத்த மாக்கியவெல்லி, பிளாரன்சு நகருக்காக நாட்டு மக்களைக் கொண்டே ஒரு படை திரட்டினார்; அதற்கான சட்டம் 1506இல் வந்தது. 1512இல் பிராட்டோ நகரில் பயிற்சி முதிர்ந்த ஸ்பானியப் படையின்முன் அந்தப் படை நிலைகுலைந்தது, நகரம் சூறையாடப்பட்டது, பிளாரன்சுக் குடியரசும் கவிழ்ந்தது. கொள்கை நன்று, பழக்கம் போதவில்லை, தலைமையும் வாய்க்கவில்லை. வள்ளுவர் தலைமக்களைப் பற்றிச் சொன்ன குறளுக்கு இதைவிட நல்ல உரை வேண்டுமோ!

மறுபக்கத்தையும் பார்ப்போம். சோழப் பேரரசின் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்கள் தஞ்சைப் பெரிய கோயிலிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒழுங்கும் பெயரும் பெருமையும் பெற்ற பிரிவுகள் அவை. ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்று அன்று படைப்பிரிவுகள் பெயர் பெற்றிருந்தன. பிற்காலத்தில் கைக்கோளர் என்ற பெயர் தறியில் நெய்வோருக்கு வழங்கியது. கடல் கடந்து சென்று வெல்வது எருமை மேய்ப்பவன் மாலையில் செய்து முடிக்கும் வேலையன்று. அதற்கு முழுநேரப் படை வேண்டும். இதை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவர்.

ஆனால் அந்த முழுநேரப் படைக்கு இலக்கியம் தந்த பரிசு என்ன? கலிங்கத்துப் பரணியைப் பாருங்கள். குலோத்துங்கனின் மரபு ஒரு தனிப் பகுதியாக விரிகிறது. கருணாகரத் தொண்டைமானின் பெயர் நிலைபெறுகிறது. பேய்கள்கூடக் கூழ் அடும் கலையில் தேர்ந்து தனித்தன்மை பெறுகின்றன. களத்தில் வெட்டியும் வெட்டுண்டும் கிடந்த சோழ வீரன் ஒருவனின் பெயர் அதில் உண்டா? செயங்கொண்டாரின் சந்த நயத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. தமிழின் ஓசை வளத்துக்கு அது ஒரு சிகரம். எனினும் ஒப்பிட்டுப் பார்க்கத்தானே திறனாய்வு! செங்கத்துக் கல்லில் மன்னன் வெறும் ஆண்டுக் கணக்கு, மாண்டவனே செய்தி. பரணியிலோ மன்னனே செய்தி. மாண்டவன் பேய்க்கு உணவு. நாய்க்கும் பெயர் சொன்ன தமிழ், பேரரசு வளர்ந்தபோது மனிதனின் பெயரை மறந்தது. எந்தத் தமிழ் உயர்ந்த தமிழ்?

கூலி கொடுத்து நிறுத்திய படை எந்நாளும் ஏவிய திசையில் செல்லும் என்பதும் பொய்க் கணக்கே. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையை ஆண்ட முதலாம் விசயபாகு, சோழர்மீது போர் தொடுக்குமாறு தன் வேளைக்காரப் படையை ஏவினான். அவர்கள் மறுத்தனர், கிளர்ந்தெழுந்தனர், தளபதிகள் இருவரைக் கொன்றனர், அரண்மனைக்குத் தீயிட்டனர் என்று சூளவம்சம் கூறுகிறது. மன்னன் அந்தக் கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கினான். 1806 சூலை 10இல் வேலூர்க் கோட்டையில் நடந்ததும் இதையொத்ததே. மாதச் சம்பளம் வாங்கிய முழுநேரச் சிப்பாய்கள்தாம் அவர்கள். புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும் மானத்தைத் தொட்டபோது சம்பளம் அவர்களைக் கட்டிப்போடவில்லை. மறத்தை அடுத்து மானத்தை வைத்த வள்ளுவர், படையின் உள்ளத்தை அறிந்தவர் அல்லரோ?

சவ்வாது மலையின் அடிவாரத்திலேயே படைவீடு என்றோர் ஊர் இருக்கிறது. பெயரே படை தங்கிய இடம் என்று பறைசாற்றுகிறது. சம்புவராயர்களின் தலைநகராக விளங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் குமார கம்பணன் அவர்களை வென்ற பிறகு விசயநகரத்தின் ஓர் இராச்சியத்துக்கே பெயர் தந்தது. இன்று அது ஒரு சிற்றூர்; அம்மன் கோயிலுக்காக மக்கள் செல்லும் ஊர். அரசு வீழ்ந்தது, படையும் உடன் வீழ்ந்தது. ஊரார் நட்ட கற்களோ நிற்கின்றன. அந்தக் கற்களை இன்று வேடியப்பன் என்று பெயரிட்டு வணங்குகிறார்கள். படையல் இடுகிறோம், எழுத்தைப் படிப்பதில்லை. கற்பூரம் காட்டுகிறோம், கருந்தேவக்கத்தியை அறிவதில்லை. ஒரு மனிதனின் பெயரை மறந்துவிட்டு அவன் கல்லுக்குத் தெய்வப் பட்டம் கட்டுவது மரியாதையா? மறதிக்குப் போட்ட மாலை அது!

பிறப்பைக் கொண்டு வீரத்தை அளக்கும் தராசு கௌடலியரோடு ஒழிந்ததா? ஒழியவில்லை, கப்பலேறி வந்தவனும் அதைக் கையில் எடுத்தான். 1801இல் பாளையக்காரர் கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட பின், தென்னாட்டில் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. உழவனின் வீட்டிலிருந்து வேல் வெளியேறியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த இராபர்ட்சு, தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர்கள் என்ற முடிவுக்கு வந்தார். அவரும் அவரைச் சார்ந்தோரும் வளர்த்த ‘போர்க்குல’க் கொள்கையால் சென்னைப் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன, தமிழனுக்குப் படைவாயில் ஒடுங்கியது. 1760இல் இதே வட்டாரத்து வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரை ஆங்கிலேயர் வென்றபோது தென்னாட்டுச் சிப்பாய்கள் இல்லாமலா வென்றனர்?

இதில் ஒரு வேடிக்கை. தென்னாட்டாரின் போர்க்குணம் மங்கியதற்கு இராபர்ட்சு சொன்ன காரணம் நீண்டகால அமைதி! அமைதியால் மங்குவது பழக்கமேயன்றிக் குருதியன்று. பழக்கத்தால் போனது பழக்கத்தால் திரும்பும் என்பதை அவர் சிந்திக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் அதைச் சிந்திக்க வைத்தது. சென்னைப் படைப்பிரிவு மீண்டும் விரிந்தது. வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை என்ற ஊர் இன்று இராணுவப்பேட்டை என்று அழைக்கப்படுகிறது. வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்த அந்த ஊர், போர்க்குலப் புரட்டுக்குத் தமிழ்மண் எழுதிய மறுப்புரை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியா 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிராந்திய இராணுவத்தை அமைத்தது. 1949 அக்டோபர் 9ஆம் நாள் அன்றைய தலைமை ஆளுநர் இராசகோபாலாச்சாரியார் அதனைத் தொடங்கி வைத்தார். அரசியலில் அவரோடு நாம் உடன்படாதவை பல. இந்தத் தொடக்கம் நல்ல தொடக்கமே என்று சொல்ல அது தடையாகாது. வேறு தொழில் செய்து பிழைக்கும் குடிமக்கள், ஆண்டுக்குச் சில வாரங்கள் பயிற்சி பெற்று, அழைக்கும்போது படைக்கு வருவது அதன் அடிப்படை. 1962, 1965, 1971 போர்களில் அது பங்கு கொண்டது. நம் கோவையிலும் அதன் காலாட்படைப் பிரிவு ஒன்று இருக்கிறது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு மோதல் மூண்டபோது, இந்தப் படையை அழைத்துக்கொள்ளும் அதிகாரத்தை நடுவணரசு தரைப்படைத் தலைவருக்கு வழங்கியது. 32 காலாட்படைப் பிரிவுகளுள் 14 பிரிவுகளைப் பணியில் இறக்க வழி செய்யப்பட்டது. நெருக்கடி வந்தபோது எருமை மேய்த்தவனை நாடு தேடியது!

அதே நாட்டில் 2022 சூன் 14ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தையும் பாருங்கள். பதினேழரை வயது முதல் இளைஞரைச் சேர்த்து, நான்காண்டுகள் பணியில் வைத்து, நூற்றுக்கு 25 பேர் வரை நிலையாக ஏற்று, ஏனையோரை ஏறத்தாழ 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாயுடன், ஓய்வூதியம் இன்றி வெளியே அனுப்புவது அதன் ஏற்பாடு. படை இளமையாக இருக்கும் என்கிறார்கள். செலவு குறையும் என்கிறார்கள். வள்ளுவர் தந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். முழுநேரப் படையில் தொன்மை விளையப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். இங்கே விளையும் பருவத்தில் பெரும்பகுதி அறுத்து அகற்றப்படுகிறது. பகுதிநேரப் படையில் வீரனுக்கு வேறொரு வாழ்வு கையில் இருக்கிறது; இங்கே இருபத்தைந்து வயதுக்குள் அவன் வாழ்வைப் புதிதாகத் தேட வேண்டும். முழுநேரத்தின் உறுதியும் இல்லை, பகுதிநேரத்தின் வேரும் இல்லை என்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட இந்த அமைப்பை எந்தப் பெயரால் அழைப்பது? தீராத வெறுப்பும் வறுமையும் படையைத் தின்றுவிடும் என்ற எச்சரிக்கையை ஆள்வோர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

சுவிட்சர்லாந்தில் குடிமக்களே படை. பயிற்சி முடித்து வீடு திரும்பி, மீண்டும் மீண்டும் பயிற்சிக்கு வருகிறார்கள். கட்டாயப் படைப்பணியை ஒழிக்கலாமா என்று 2013 செப்டம்பர் 22இல் மக்களிடமே கேட்டார்கள். நூற்றுக்கு 73 பேர் வேண்டாம் என்றனர். கட்டாயத்தை நாம் வேண்டவில்லை. நம் நாட்டுக்கு அது பொருந்துமென்றும் சொல்லவில்லை. மக்களைக் கேட்டு முடிவு செய்த முறையைத்தான் சுட்டுகிறோம். ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பழகினால் உழவனும் ஆசிரியனும் தொல்படை ஆகலாம் என்பதற்கு அந்தச் சிறு நாடு ஒரு சான்று.

எனவே நம் முடிவு இது. எல்லை காக்க, கடல் காக்க, வான் காக்க முழுநேரப் படை இன்றியமையாதது. கருவிகள் பெருகிய இக்காலத்தில் அதன் திறமைக்கு ஈடில்லை. ஆனால் முழுநேரப் படை மட்டுமே இருக்கும் நாட்டில், போர் என்பது யாரோ செய்யும் தொழிலாகி, குடிமக்கள் கைதட்டும் கூட்டமாகிவிடுகிறார்கள். பகுதிநேரப் படை படைக்குள் மக்களைக் கொண்டுவருகிறது. மக்களுக்குள் படையின் பொறுப்பைக் கொண்டுசெல்கிறது. ஊரில் கொட்டிலும் கழனியும் பிள்ளைகளும் உள்ளவன் போரை விளையாட்டாக விரும்ப மாட்டான். வந்துவிட்டால் விட்டோடவும் மாட்டான். அவனுடைய மதிப்பு இதுவே. மலிவு என்பதற்காக அவனைத் தேடுகிறவர்கள் அவனை அறியாதவர்கள்.

அவனுக்கு அரசு செய்ய வேண்டியது என்ன? பழந்தமிழர் அறிந்திருந்தனர். வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்ற பெயரால் நிலம் வழங்கினர். குருதிக்கு நிலம்! பொன்முடியார் பங்கிட்ட கடமைகளில் வேந்தனுக்கும் ஒன்று இருந்ததை மறவாதீர்கள். காளை தன் கடமையைச் செய்தான், வேந்தன் தன் கடமையைச் செய்தானா என்று கேட்பதற்குப் பெயர் தேசத்துரோகம் அன்று, புறநானூறு!

மலைமீது வாழும் மக்களை எண்ணுங்கள். சவ்வாது மலையின் மலையாளி மக்கள், கௌடலியரும் பரிமேலழகரும் காட்டுப்படை என்று கீழே தள்ளிய வகுப்பில் வைக்கப்படுவார்கள். அவர்களுக்குப் படை எந்த முகத்தோடு அறிமுகமாயிற்று? 2015 ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திர மாநிலத்துச் சேசாசலக் காட்டில், செம்மரக் கடத்தலைத் தடுக்க அமைந்த சிறப்புப் படையின் துப்பாக்கிகளுக்கு 20 பேர் இரையாயினர். அவர்களுள் பலர் சவ்வாது மலையையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த கூலியாட்கள். தாக்கினார்கள், சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. வழக்கின் வாதங்களுக்குள் நாம் புகவில்லை. வறுமை ஒருவனைக் காட்டுக்கு அனுப்பியது. துப்பாக்கி அவனைக் கல்லாக்காமலே மண்ணாக்கியது. எருமைக்காக மாண்டவனுக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன் கல் நட்ட மண்ணிலே, கூலிக்காக மாண்டவனுக்கு என்ன நட்டோம்?

பள்ளியும் பாதையும் மருத்துவமும் மலைமீது ஏறட்டும். படையின் வாயிலும் ஊர்க்காவலின் வாயிலும் மலைமகனுக்குக் கூலியாளாக அன்றிக் குடிமகனாகத் திறக்கட்டும். மலை அறிந்தவன், மழை அறிந்தவன், வழி அறிந்தவன் அவன். காட்டுத்தீயிலும் வெள்ளத்திலும் நாடு தேடும் கை அவன் கை. அவனுக்குப் பயிற்சியும் மதிப்பும், விழுந்தால் அவன் வீட்டுக்கு வாழ்வும் தருகிற அரசே தொல்படை உடைய அரசு.

தொல்படை யாருடைய படை? மன்னனின் பரம்பரைக்கு உரிய படை என்றது உரை. மானமும் தெளிவும் உடைய எவருடைய படையும் என்றது குறள். பெயரோடும் ஊரோடும், நாயோடும் எருமையோடும் நின்று அதற்குச் சான்று சொல்கிறது கல். உரையை விடுங்கள், கல்லைப் படியுங்கள்!